அரியருக்கு முன்னும் பின்னும்: மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி–பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, ஆவணியில் பிள்ளையார்பட்டி சதுர்த்தி, தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு, நடுவே சொந்தத்தில் கல்யாணங்கள். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு லீவு போடக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. லீவு லெட்டரோ மெடிக்கல் சர்டிபிகேட்டோ கொடுத்துவிட்டால் அந்த நாள் கணக்கில் வராது என்று நம்புவதுதான் முதல் தவறு. பி.எஸ்சி. நர்சிங்கில் ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கு 80 சதவீத வருகை வேண்டும். எந்தக் காரணத்தால் வராமல் போனாலும் விலக்கு இல்லை என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. பி.பார்மிலும் பாடத்துக்குப் பாடம் 80. எம்.பி.பி.எஸ். என்றால் தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80.

வருகையை மாதக் கடைசியில் பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஒரு பாடத்துக்கு மொத்தம் 80 மணி நேரம் என்று வையுங்கள். 80 சதவீதத்துக்குத் தேவை 64. 30 மணி நேரம் நடந்திருக்கும்போது நீங்கள் 20 வந்திருந்தால், மிச்சமுள்ள 50இல் 44 வந்தால் போதும். இன்னும் 6 மணி நேரம் கையில் இருக்கிறது. இதையே 50 மணி நேரம் முடிந்தபிறகு பார்த்து, வந்தது 32 என்று தெரிந்தால், மிச்சம் 30க்கும் ஒன்றுவிடாமல் வந்தாலும் 62தான். தேர்வு எழுத முடியாது. அதனால் சதவீதத்தைப் பார்க்காதீர்கள்; 'இன்னும் எத்தனை மணி நேரம் தவறவிடலாம்' என்ற எண்ணைப் பாடவாரியாக நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை திருத்துங்கள். மொத்தச் சராசரி 85 இருக்கும், ஒரே ஒரு பாடம் 78இல் நிற்கும். அந்த ஒன்றுதான் ஹால் டிக்கெட்டை நிறுத்தும்.

நர்சிங் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கு தனியாக ஓடுகிறது. கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது மருத்துவமனை வார்டுப் பயிற்சியில், பட்டம் வாங்குமுன் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். தவறிய டியூட்டியை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுபவர்கள் நான்காம் ஆண்டில் மாட்டிக்கொள்கிறார்கள். மனநல நர்சிங் போன்ற போஸ்டிங்குகள் பல கல்லூரிகளுக்கு வெளியூரில்தான் நடக்கும். அங்கே ஒரு வாரம் விட்டால், அடுத்த பேட்ச் போகும்வரை காத்திருக்க வேண்டிவரும். தவறிய தேதி, வார்டு, மணி நேரம், ஈடு செய்த தேதி, பொறுப்பாசிரியர் கையெழுத்து என ஐந்து கட்டம் போட்ட ஒரு பக்கம் போதும். ஈடு செய்த அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணை அலட்சியம் செய்வதால் வரும் சேதம் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. பி.பார்ம் தியரியில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. இரண்டும் சேர்த்து 50 எடுத்தால் பாஸ். இன்டர்னலில் 15 வைத்திருப்பவருக்குத் தேர்வில் 35 போதும். 6 வைத்திருப்பவர் 44 எடுக்க வேண்டும். அந்த 25க்குள் வருகைக்கு மட்டும் 4 மதிப்பெண் உண்டு: 95 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் நான்கும் கிடைக்கும், 80–84இல் ஒன்றுதான். இன்டர்னலுக்காகக் கல்லூரி நடத்தும் செஷனல் தேர்வை மேம்படுத்திக்கொள்ள ஒரே ஒரு வாய்ப்பு தருகிறார்கள், அதையும் அடுத்த செமஸ்டர் தேர்வுக்கு முன்பே முடிக்க வேண்டும். கேட்டு வாங்காமல் விட்டால் போனதுதான். எம்.பி.பி.எஸ்.ஸில் தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியே 40, சேர்த்து 50 சதவீதம் இன்டர்னலில் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வுக்கே தகுதி இல்லை.

செய்த பயிற்சிகளைப் பதியும் லாக்புக்கைத் தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து நிரப்புவது ஆபத்தான பழக்கம். எம்.பி.பி.எஸ். லாக்புக்கில் ஒவ்வொரு திறனுக்கும் இது முதல் முயற்சியா, மறுமுயற்சியா, ரெமிடியலா (குறை தீர்க்கும் கூடுதல் பயிற்சியா) என்று ஒரு கட்டம். எதிர்பார்த்த தரத்துக்குக் கீழா, சரியா, மேலா என்று ஒன்று. 'முடிந்தது', 'திரும்பச் செய்', 'ரெமிடியல்' என்ற ஆசிரியர் முடிவுக்கு ஒன்று. 'திரும்பச் செய்' என்று எழுதிய வரிக்குக் கீழே மறுமுயற்சி வரி இல்லாவிட்டால், நீங்கள் செய்தே இருந்தாலும் செய்யாததாகத்தான் பொருள்.

சீனியர் சொன்னதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நர்சிங்கில் 2021–22 முதல் செமஸ்டர் முறை வந்துவிட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுமுறை. அரியரோடு மேலே போகும் விதியும் படிப்புக்குப் படிப்பு வேறு. பி.பார்மில் முதல் இரண்டு செமஸ்டரும் முழுதாகத் தேறாமல் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பிலேயே உட்கார முடியாது. நர்சிங்கில் வகுப்புக்குப் போகலாம், ஆனால் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுத முந்தைய அரியர் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய விதிமுறையைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு நகல் எடுத்து வையுங்கள்.

'படிக்கவில்லை, ஒரு பேப்பர் எழுதிப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவோம்' என்ற யோசனையும் வேண்டாம். எம்.பி.பி.எஸ்.ஸில் பாதி எழுதினாலும் அது ஒரு வாய்ப்பாகவே எண்ணப்படும். முதலாண்டுக்கு மொத்தமே 4 வாய்ப்புகள், முழுப் படிப்புக்கும் 9 ஆண்டுகள். ரீவேல்யுவேஷன் (மறுமதிப்பீடு) முடிவுக்குக் காத்திருந்து சப்ளிமென்டரிக்கு (துணைத்தேர்வுக்கு) பணம் கட்டாமல் விடுவதும் இதே ரகம். சப்ளிமென்டரி சில வாரங்களிலேயே வந்துவிடும், அதில் தேறினால் சொந்த பேட்சோடு சேர்ந்துவிடலாம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

தேறாமல் போனபின் செய்யும் பெரிய தவறு, அதே பாடத்தை அதே விதமாகத் திரும்பப் படிப்பது. முதலில் எங்கே விட்டது என்று பார்க்க வேண்டும். இன்டர்னல் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் எழுத வரவில்லை, நேரம் போதவில்லை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டது. தமிழ்வழியில் படித்துவிட்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்த பல பிள்ளைகளுக்கு இரண்டாவது காரணமே பெரிதாக நிற்கும். அவர்களிடம் இன்னும் ஒரு புத்தகத்தைத் திணிப்பது வீண் வேலை. விடையை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி, படம் வரைந்து, அன்றே ஆசிரியரிடம் காட்ட வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தடுமாறுபவர் நண்பரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனதுக்குள் படித்தால் அது வராது.

ரெமிடியல் வகுப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். எந்தக் குறை, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் மறுபடி சோதிப்பார், அதிலும் தேறாவிட்டால் என்ன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மறுதேர்வுக்குப் பத்து நாள் முன்பு ஒரு மாதிரித் தேர்வு வைக்கும்படி கேளுங்கள். அப்போதுதான் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும்.

வீட்டில் மறைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) எப்படியும் கல்லூரிக் கடிதம் போய்விடும். அதற்கு முன் உங்கள் வாயால், கையெழுத்திட்ட அந்தத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். சொல்லவே முடியாத அளவுக்குப் பயமோ தூக்கமின்மையோ இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்; இரவானாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.