கல்போன் ஆலயத்தைத் தேடிச் செல்லும் வழி

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், எக்ஸ்மூர் தேசியப் பூங்காவின் கடலோரக் காட்டுக்குள், புனித பெய்னோ பெயரில் கல்போன் ஆலயம் நிற்கிறது. அந்நாட்டின் மிகச் சிறிய பங்கு ஆலயம், அதாவது ஒரு வட்டார மக்களுக்கான கிறிஸ்தவத் தேவாலயம், எனப் பெயர் பெற்ற இதன் மொத்த நீளம் சுமார் 35 அடிதான். முப்பது பேர் அமர்ந்தாலே இடம் நிறைந்துவிடும். பார்வையாளர்கள் காரில் வந்து இறங்கச் சாலை இல்லாததால் நடந்துதான் போக வேண்டும். அப்படிப் போவதே அந்த இடத்துக்குப் பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

புறப்படுவதற்கு முன், ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனம் வெளியிடும் எக்ஸ்மூர் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 1:25,000 அளவில் வரைந்தது என்பதால் அதில் 4 செ.மீ. தூரம் நிலத்தில் 1 கி.மீ. ஆகும். ஆலயத்தைக் கண்டுபிடித்ததும் அதைச் சுற்றியுள்ள உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, கவனியுங்கள். அவை நிலத்தை நோக்கி உள்வாங்கி வளையும் இடத்தில், ஒரு சிற்றோடையின் ஓரமாக, பள்ளத்தில் ஆலயம் அமைந்திருப்பது தெரியும். மிக அருகில் செல்லும்வரை அது கண்ணில் படாததற்கு இதுவே காரணம். ஆகவே மரங்களுக்கு மேல் கூர்முகட்டைத் தேடிக்கொண்டு நடப்பதில் பயனில்லை. நிலம் எப்போது பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது என்பதைக் கவனித்து நடப்பதே சரி.

போர்லாக் வியர் என்ற சிறு துறைமுகத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 2 மைல் நடக்க வேண்டும். தென்மேற்குக் கரையோரப் பாதையே உங்களை ஆலயம்வரை கொண்டுசேர்க்கும். வழிகாட்டிப் பலகைகளில் பொறித்துள்ள ஓக் மரக் கொட்டையின் சின்னம்தான் அதன் அடையாளம். முதலில் வயல்கள், பிறகு வொர்தி சுங்கச்சாவடி, அதன்பின் காட்டுக்குள் ஏற்றம். போகும்போது கடல் எப்போதும் உங்கள் வலப்புறம் கீழே இருக்க வேண்டும். இச்சரிவில் மண் சரிந்து பாதையை மாற்றியமைத்த இடங்கள் உண்டு. பழைய வரைபடமும் பலகையும் முரண்பட்டால் பலகை சொல்வதையே கேளுங்கள். ஏற்றமும் ஈரமும் உள்ள வழியாதலால் பிடிமானமுள்ள காலணி அவசியம். காட்டுக்குள் கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம்.

ஆலயத்தை அடைந்ததும் உடனே உள்ளே நுழைந்துவிடாமல், வடபுறச் சுவரைச் சென்று பாருங்கள். அங்கே ஒரே கல்லில் குடைந்தெடுத்த இரட்டைத் திறப்புச் சன்னல் ஒன்று இருக்கிறது. இரு திறப்புகளுக்கும் இடையிலுள்ள தூணின் உச்சியில் விலங்கின் முகம்போல் ஒரு செதுக்கல் தெரியும். பல நூற்றாண்டு மழையில் தேய்ந்த அதைத் தொடாமல், குனிந்து நிதானமாகப் பார்ப்பது நல்லது. இங்கே இன்றும் வழிபாடு நடப்பதால், ஆராதனை நேரமாயின் முடியும்வரை வெளியே காத்திருங்கள். உள்ளே சென்று வந்தபின் கதவை நன்றாகச் சாத்திவிடுங்கள். மாலையில் மரநிழல் விரைவில் இருட்டிவிடும் என்பதால், திரும்பும் நடைக்கு ஒன்றரை மணி நேரப் பகல் வெளிச்சமாவது மீதமிருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.