மரணசாசனம் எழுதுமுன் டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

மரணசாசனம் (உயில்) எழுத நொத்தாரிசை, அதாவது பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணியை, தேடிப் போகிற இலங்கை மலையகத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது முதல் வேலை அல்ல. பத்திரங்கள் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, எந்தச் சொத்து யார் பேரில், எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மரணசாசனத்தால் கைமாற்ற முடியாதவை நம்மிடம் நிறைய உண்டு.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாம் இருக்கும் காம்பராவையே எடுத்துக்கொள்வோம். முன்னால் சொந்தக் காசில் குசினி கட்டியிருக்கலாம், தகரம் மாற்றியிருக்கலாம். நிலமும் லயமும் அரசுக்குரியவை, கம்பெனி குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதை மகனுக்கு எழுதி வைத்தால் அந்த எழுத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. தோட்டத்து மரக்கறித் துண்டுக்கும் இதே நிலைதான். ஏழு பேர்ச்சில் கட்டித் தந்த தனி வீடு என்றால் கையில் இருப்பது உறுதியா (உரிமைப் பத்திரமா), வெறும் அனுமதிக் கடிதமா என்று பாருங்கள். உறுதி என்றால் அது கணவன் பேரிலா, மனைவி பேரிலா, இருவர் பேரிலுமா என்பதையும், விற்கவோ கைமாற்றவோ என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்பதையும் வரிவரியாக வாசிக்க வேண்டும்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அரச அளிப்புக் காணிக்கு வழியே வேறு. அதற்குப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் உரிமை பெறுபவரை, நியமித்து, உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். மரணசாசனத்தை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். நியமனம் இல்லாமல் போனால் மகள்மாரைப் பின்தள்ளி ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய வரிசையை 2022இல் திருத்தினார்கள். ஆனாலும் திருத்தத்தை நம்பிச் சும்மா இருக்காமல் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. தோட்டத் தொழிலாளி ஒருவர் விட்டுப்போகும் பெரிய தொகை பெரும்பாலும் இதுதான். இது பின்னுரித்தாளராகப் பேர் கொடுத்தவருக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் அம்மா பேரைக் கொடுத்தவர்கள் அதை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் புதிதாக நியமியுங்கள். இன்னொரு சிக்கல் பேர். செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேட்டில்) கூப்பிடும் பேர், அடையாள அட்டையில் வேறு பேர், பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் பதிந்த இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று மூன்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைக்க வேண்டும். இதை ஆள் உயிரோடு இருக்கும்போது செய்வது ஒரு நாள் வேலை. செத்த பிறகு கிராம சேவகர், தோட்ட ஆபீஸ், தொழில் திணைக்களம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

வேலை முடியும்போது தோட்டம் கொடுக்க வேண்டிய பணிக்கொடையைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. 25 வருடம் வேலை செய்தவருக்கு 350 நாள் கூலி வரும். வேலையில் இருக்கும்போதே இறந்தாலும் வாரிசுகளுக்கு உரியது. தோட்டம் இழுத்தடித்தால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வங்கிக் கணக்குக்கும் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். மத்திய கிழக்கில் இருக்கும் மகள் அண்ணன் கணக்குக்கு அனுப்பும் காசு, வங்கியின் கண்ணுக்கு அண்ணன் காசுதான். அவள் பேரில் ஒரு கணக்கு திறந்து அனுப்பச் சொல்லுங்கள். அடகுச் சீட்டுகளையும் மறக்க வேண்டாம்; நகை யாருடையது என்பதல்ல, சீட்டு யார் பேரில் என்பதுதான் கேள்வி.

இவை போக மிஞ்சுவது, அதாவது உறுதிக் காணி, கடை, நகை, வாகனம், இவற்றுக்குத்தான் மரணசாசனம். எழுதாமல் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை நமக்குப் பொருந்தாது. இந்து, கிறிஸ்தவ மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான்: பாதி கணவன் அல்லது மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமின்றிச் சமமாக. முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அதன் பிள்ளைகளுக்கு. நாலு பிள்ளை உள்ள வீட்டில் ஆளுக்கு எட்டில் ஒன்று.

இந்தக் கணக்கு சரியென்று பட்டால் மரணசாசனம் கட்டாயமில்லை. ஆனால் ஒரு வகைக் குடும்பத்துக்குக் கட்டாயம் வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் முப்பது வருடம் வாழ்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். வழமைப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றம் ஏற்கும்தான், ஆனால் நிரூபிக்க வேண்டும்; அதற்குள் ஐயரும் சாட்சிகளும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். கல்யாணம் நிரூபிக்கப்படாவிட்டால் தகப்பன் சொத்தில் பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. பதிவு செய்யுங்கள். அதோடு மரணசாசனத்தில் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பேரையும் அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதுங்கள். “என் பிள்ளைகளுக்கு” என்று மட்டும் எழுதுவது வழக்குக்கு வழி.

மரணசாசனம் செல்லுபடியாக நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க, பத்திரத்தின் கடைசியில் கையொப்பம் வைக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். நொத்தாரிசு வழிதான் நல்லது: ஐந்து பேரில் மூன்று பேர் கொழும்பில், ஒருவர் கட்டாரில் என்றால் நிரூபிக்க யாரைப் பிடிப்பது? பங்கு பெறுபவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. சாட்சிகள் உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருக்கட்டும். நொத்தாரிசுகளுக்கு மொழிவாரியாகத்தான் அனுமதிப்பத்திரம். தமிழில் எழுத அனுமதி உள்ளவரிடம் போங்கள். விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கைநாட்டு வைத்துவிட்டு வராதீர்கள். இன்னொன்று, மரணசாசனம் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் அது தானாகவே ரத்தாகும். மறுமணம் செய்பவர்கள் கவனிக்க.

சிறு பிள்ளைகளுக்கோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கோ விட்டுப்போகும் சொத்தை, நம்பிக்கையாளர் ஒருவரை அதே மரணசாசனத்தில் நியமித்து, எதற்கு, எந்த வயதுவரை செலவிடலாம் என்று எழுதி ஒப்படைக்கலாம்.

மூலப்பிரதியை லயத்தில் வைக்காதீர்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசையையே கொண்டுபோகும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் லயங்களோடு பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. வங்கிப் பெட்டகமோ சட்டத்தரணியோ பார்த்து வைத்துவிட்டு, நொத்தாரிசின் பேர், பத்திர இலக்கம், திகதி மூன்றையும் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இறந்த பின், மரணசாசனத்தை நிறைவேற்ற அதிலேயே பேர் குறித்த நிறைவேற்றுநர், மூல மரணசாசனம், மரணச் சான்றிதழ், சொத்துப் பட்டியல், வாரிசு விபரம் ஆகியவற்றோடு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மரணசாசனத்தை நீதிமன்றம் ஏற்றதற்கான அத்தாட்சி கிடைக்கும். கடன்களைத் தீர்த்து, கணக்குக் காட்டிய பிறகுதான் பங்கு. காணியை வாரிசுகள் பேரில் நிறைவேற்றுநர் எழுதிக் கொடுக்கும் உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்தீர்களா என்று அன்றே கேளுங்கள். வழக்கு முடிந்த சந்தோஷத்தில் இந்தக் கடைசி உறுதியை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது தாத்தா பேரே இன்னும் இருக்கக் காண்பவர்கள் உண்டு.