'கால் ஆஃப் இட்' ஏன் தப்பு?

மெயிலில் 'கால் ஆஃப் த மீட்டிங்' (மீட்டிங்கை ரத்து செய்) என்றால் பிரச்சினையில்லை. 'கால் ஆஃப் இட்' என்று எழுதினால் மட்டும் சிவப்புக் கோடு விழும். 'கால் ஆஃப்' போல வினையோடு சிறு சொல் சேர்ந்து தனி அர்த்தம் தரும் ஃப்ரேசல் வெர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்து பார்த்தேன். அர்த்தம் மனதில் நின்றது, 'இட்' உட்காரும் இடம் பிடிபடவில்லை. சரி, எப்போதும் 'கால் இட் ஆஃப்' போல நடுவில் போடலாமென்றால், 'லுக் ஆஃப்டர் ஹிம்' (அவனைக் கவனித்துக்கொள்) என்பது 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று அபத்தமாகிறது.

தீர்வு கிடைத்தது லாங்மேன் அகராதியில். 'கால் சம்திங் ஆஃப்' என்ற தலைப்பில் 'சம்திங்'குக்கும் 'ஆஃப்'புக்கும் இடையே பொடியாக ஓர் இருதலை அம்புக்குறி. சட்டென்று கண்ணில் படாது. அம்பு இருந்தால் 'மீட்டிங்' போன்ற பெயர்ச்சொல் 'ஆஃப்'புக்கு முன்னேயும் வரலாம், பின்னேயும் வரலாம். 'இட்', 'ஹிம்', 'தெம்' மட்டும் நடுவில்தான். 'லுக் ஆஃப்டர் சம்படி'யில் அம்பு கிடையாது, அச்சிட்ட வரிசையை மாற்றக் கூடாது.