குளிருக்குக் கைச்சூட்டுப் பொட்டலம்: எப்படிப் பயன்படுத்துவது?

கனடாவில் குளிர் மைனஸ் 20-ஐத் தொடும் நாட்களில் கோட் பையில் இரண்டு சூட்டுப் பொட்டலங்கள் இருக்கட்டும். வெளி உறையைக் கிழித்ததும் உள்ளிருக்கும் இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கத் தொடங்கும், அந்தச் சூடுதான் நமக்குக் கிடைக்கிறது. அதனால் எடுத்தவுடன் கைக்குள் பொத்திக்கொள்ளாமல் லேசாகக் குலுக்கிக் கால் மணி நேரம் காற்றுப்பட விடுங்கள். கிளம்பும் முன்பே கிழித்துவிடுவது நல்லது, விரல் விறைத்தபின் அதுவே பெரிய வேலை.

வெறும் தோலில் வைக்காதீர்கள். தூங்கும்போது வேண்டவே வேண்டாம், தெரியாமலே சுட்டுவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதே கதைதான்.

சீக்கிரம் வீடு திரும்பிவிட்டால் ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடுங்கள், சூடு அடங்கிவிடும், அப்புறம் மறுபடி எடுக்கலாம்.

காரிலும் சில பொட்டலங்கள் வையுங்கள். ஆனால் பனியில் உறைந்து வெளுத்த விரலில் வைக்கக் கூடாது; அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.