மலையில் தீ தெரிந்ததும் ஊரில் என்ன செய்ய வேண்டும்

போடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். இலவமும் மாவும் இருக்கின்றன, இருபது ஆடுகளும் உண்டு. மாசி பிறந்துவிட்டால் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். பிப்ரவரியிலிருந்து மே வரை அந்தக் கண் ஓயாது. நான் ஆறு கோடை தீத்தடுப்புக் காவலராகக் கூலிக்குப் போயிருக்கிறேன். இப்போது அடிவாரத்தில் புதிதாக நிலம் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புகை தெரிந்தால் ஓடாதீர்கள். முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். தீ உங்களுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? புகை எந்தப் பக்கம் சாய்கிறது? தீ மலையேறும்போதுதான் வேகம். சரிவு பத்து டிகிரி கூடினால் அதன் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பகலில் காற்று மேல்நோக்கி வீசும், இருட்டிய பிறகு கீழ்நோக்கி இறங்கும். அதனால் மதியம் மேலே போய்க்கொண்டிருந்த தீ ராத்திரி ஊர்ப்பக்கம் திரும்பலாம். மேலே எரிகிறது, நமக்கென்ன என்று படுத்துவிடாதீர்கள். எரிகிற கட்டை உருண்டு வந்தே புதுத் தீ வைத்துவிடும்.

அடுத்தது தகவல். 112 அல்லது 101-க்குச் சொல்லுங்கள். கூடவே உங்கள் வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லியே ஆக வேண்டும். தீயணைப்பு வண்டி ரோடு இருக்கும் வரைதான் வரும், அதற்கு மேல் நடந்து ஏறுகிறவர்கள் வனத்துறை ஆட்கள்தான். அந்த நம்பரை இன்றைக்கே சுவரில் எழுதி வையுங்கள். இடத்தைச் சொல்லும்போது ஊரில் வழங்கும் பெயரோடு ஓடை, பாறை, கோயில் என்று ஏதாவது அடையாளம் சொல்லுங்கள். மேலே ஆடு மேய்க்கவோ தேன் எடுக்கவோ யாராவது போயிருக்கிறார்களா என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது, பதிவு செய்தால் நம் போனுக்கும் வரும். ஆனால் செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தில்தான் அது பார்க்கும். அடிவாரத்தில் இருப்பவர் கண் அதற்கு முந்திக்கொள்ளும்.

ஊரில் வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், மூச்சிழுப்பு உள்ளவர்கள் முதலில் கிளம்பட்டும். தீ கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம், புகையே அவர்களைப் படுத்திவிடும். உழுத காடு, வற்றிய கண்மாய், பள்ளிக்கூட மைதானம் மாதிரி பற்றுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்துக்கு, கீழ்ப்பக்கமாகப் போங்கள். மாட்டையும் ஆட்டையும் கயிற்றை அவிழ்த்து, கீழ்ப்பக்கமாக விரட்டிவிடுங்கள். கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள், அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். வேடிக்கை பார்க்க வரும் பைக்குகளை ரோட்டில் நிறுத்த விடாதீர்கள்.

வீட்டைச் சுற்றி வைக்கோல் படப்பு, விறகு, கீற்று, காய்ந்த இலை எல்லாவற்றையும் சுவரை விட்டுத் தள்ளுங்கள். வீடு போவது பெரும்பாலும் பறந்து வரும் பொறியால்தான். ஓட்டுச் சந்திலோ கூரையிலோ ஒரு பொறி விழுந்தால் போதும். கேஸை மூடிவிடுங்கள். அண்டா, குடம், தொட்டி எல்லாம் நிரப்பி, பக்கத்தில் சாக்கை நனைத்துப் போடுங்கள்.

தீயை அடிக்கப் போவது வேறு விஷயம். வனத்துறை ஆட்களோடு சேர்ந்தே போங்கள், தனியாகப் போகவே கூடாது. பருத்தித் துணி போடுங்கள், நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முழங்கால் உயரத் தீ வரைதான் பச்சைக் கொப்பால் அடிக்க முடியும். எரிந்து முடிந்த பக்கமாக நின்று, தீயின் வாலிலிருந்தும் (பின்பக்கம்) விலாவிலிருந்தும் (பக்கவாட்டு) அமுக்கி அணைத்துக்கொண்டு போக வேண்டும். ஓங்கி வீசி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றும். ஒருவர் அடிக்காமல் காற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். வரும் தீக்கு இரை இல்லாமல் செய்ய அதற்கு முன்னால் நாமே எரித்துவிடும் எதிர்த்தீ வேலை பழகியவர்களுடையது, நீங்கள் தொடாதீர்கள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை தீ படிந்து கிடக்கும், எங்கள் வேலை பாதி அந்த நேரத்தில்தான் முடியும்.

2018 மார்ச் 11-ஐ எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவே மலையேற்றம் வந்தவர்கள் புல்மேட்டில் தீயில் மாட்டிக்கொண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். அவர்களைக் காப்பாற்ற முதலில் மேலே ஓடியவர்களில் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அந்தக் காய்ந்த புல் மண்ணெண்ணெய் ஊற்றிய மாதிரி எரியும், ஆளை விட வேகமாக ஓடும். அதனால் மலையில் மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள். குறுகலான ஓடைப் பள்ளத்துக்குள்ளும் இறங்காதீர்கள், தீ அதைப் புகைக்கூண்டு மாதிரி பிடித்துக்கொண்டு மேலே வரும். ஏற்கெனவே கருகிக் கிடக்கும் இடம், மொட்டைப் பாறை, தண்ணீர் உள்ள அகலமான ஓடை, இவைதான் தஞ்சம். ஒன்றுமே இல்லையென்றால் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, புல்லில்லாத மண்ணில் தீப்பக்கம் காலை நீட்டிக் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமை வராமல் இருக்க, தீக்காலத்தில் அனுமதி இல்லாத பாதையில் ஏறாமல் இருங்கள்.

தீக்காயத்துக்குப் பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் தளர மூடி 108-ஐக் கூப்பிடுங்கள்.

அணைந்த பிறகும் இரண்டு மூன்று நாள் சுற்றிப் பாருங்கள். ஒரு வருஷம் தீ அணைந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் மதியம் காற்று எழும்பியது, ஒரு இலவ மரத்து வேரில் உள்ளேயே கனன்றுகொண்டிருந்த நெருப்பு கிளம்பி எங்கள் படப்பைக் கொண்டுபோய்விட்டது. சாணிக்குவியல், பட்ட மரக்கட்டை, பழைய வேர் இவற்றின் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் கொத்திக் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறுங்கள். மேலே மண்ணை மட்டும் போட்டு மூடினால் உள்ளே கனன்றுகொண்டேதான் இருக்கும்.