வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பூனையை வழிக்குக் கொண்டுவருதல்

பழகிய மணல் தட்டை விட்டுவிட்டுப் பூனை திடீரென்று மெத்தையிலும் துணிக்குவியலிலும் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அதைக் குறும்பு என்று எண்ணாமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரக நோய், நீரிழிவு போன்றவை காரணமாக இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சொட்டுச் சிறுநீர்கூட வராமல் தவித்தால், அடைப்பு ஓரிரு நாளில் உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

நோய் இல்லையென்றால் தட்டைக் கவனியுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, உணவுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, அமைதியான மூலைகளில் வைத்து, நாள்தோறும் கழிவை அள்ளிவிட வேண்டும். வாசனை சேர்த்த மணல் நமக்குத்தான் பிடிக்கும். பெரும்பாலான பூனைகள் மணமற்ற பொடிமணலையே விரும்புகின்றன.

வாலை உயர்த்தி நின்றபடி சுவரில் பீய்ச்சுவது வேறு. அது எல்லையைக் குறிக்கும் செயல். கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் குறைந்துவிடும்.

நனைந்த இடத்தை நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்துத் துடைப்பதே பயன் தரும். அம்மோனியா கலந்தவை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் பூனையை அதே இடத்துக்கு இழுக்கும். நம் வீடுகளில் வழக்கமாக ஊற்றும் பினாயிலோ, பாதத்தை நக்கும் பூனைக்கு நஞ்சாகலாம். அடிப்பதும் மூக்கைத் தரையில் தேய்ப்பதும் அச்சத்தைக் கூட்டி, கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கவே அதைப் பழக்கும்.