ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்விச் சேவையை ஒழுங்கமைக்கும் முறை

முதல் வேலை கணக்கெடுப்பு. பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயர்களை மட்டும் எண்ணினால், வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைகள் விடுபட்டுப்போவார்கள். எனவே அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரின் பட்டியல்களைப் பள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட வீடுகளுக்கு நேரில் சென்று சரிபார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும் என்பதைக் கணக்கெடுப்பவர்களுக்கு முன்பே விளக்கிவிடுங்கள். 'சேட்டைக்காரன்', 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பலர் இவ்வகையினராக இருக்கக்கூடும்.

அடுத்தது மருத்துவ முகாம். ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் வழியாக முகாமுக்கு ஏற்பாடு செய்து, சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கச் செய்யலாம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. ஆனால் சான்றிதழ் வரட்டும் என்று கற்பித்தலைத் தள்ளிப்போடுவது தவறு. அட்டை வருவதற்குள் ஒரு கல்வியாண்டே போய்விடலாம்.

பிறகு பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பாருங்கள்: வழக்கமான வகுப்பில் படிக்கக்கூடியவர்கள், பகல்நேர மையத்திற்கு வர வேண்டியவர்கள், வீட்டில் வைத்தே கற்பிக்கப்பட வேண்டியவர்கள். கடும் குறைபாடுள்ளவர்கள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அளித்தது. எனினும் அது எளிதில் கைகழுவும் வழியாகிவிடக் கூடாது. பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையை, சாய்தளம் இல்லை என்பதற்காக வீட்டில் வைப்பது அநியாயம்.

பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது பயணத்தில்தான். சிறப்புப் பயிற்றுநரின் கால அட்டவணையைப் பள்ளிகளின் பெயர் வரிசைப்படி அல்லாமல் பேருந்துத் தடத்தின்படி வகுத்தால், ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துவிட முடியும். பிள்ளையோடு துணைக்கு வரும் தாய் அன்றைய கூலியை இழக்கிறார். ஆகவே இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் ஒரே நாளில் அமையட்டும். பயணப்படிக்கும் துணையாளர்படிக்கும் உரிய விண்ணப்பங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு தொடக்கத்திலேயே நிரப்பித் தரட்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதும்போது, 'தன்னிறைவு பெறுதல்' போன்ற பெரிய சொற்களைத் தவிர்த்து, 'மூன்று மாதத்தில் சோற்றைத் தானே பிசைந்து உண்பான்' என்பதுபோல் அளந்து பார்க்கக்கூடிய இலக்குகளை எழுதுங்கள். அதன் நகல் ஒன்று வகுப்பாசிரியரிடமும் இருக்க வேண்டும். பொதுத்தேர்வு எழுதுவோருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய சலுகைகளுக்கான விண்ணப்பங்களை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.

உபகரணங்களுக்குத் தனிப் பதிவேடு வையுங்கள். செவிக்கருவியின் பேட்டரி தீர்ந்த நாள், சக்கர நாற்காலியின் டயர் பழுதான நாள், அவற்றைச் சரிசெய்த நாள் ஆகியவற்றைக் குறித்து, மாதம் ஒருமுறை தலைமை ஆசிரியர் கையொப்பமிட வேண்டும்.